காவிரியில் போன ஏடும் கணிப்பொறிக் களஞ்சியமும்

திருவரங்கத்தை ஒட்டி ஓடும் காவிரியில் ஒரு நூல் தொலைந்து போன செய்தி வைணவ ஆசாரியர்களின் வரலாற்று நூல்களில் காணப்படுகிறது. திருவாய்மொழிக்கு ஒன்பதினாயிரப்படி என்னும் உரையை வகுத்தவர் நஞ்சீயர். தாம் எழுதிய ஓலைகளைத் திருத்தமான கையெழுத்தில் படியெடுத்துத் தரவல்லார் ஒருவரை அவர் தேடினார். நம்பூர் வரதராசர் என்பவர் கிடைத்தார். உரை முழுவதையும் அவருக்கு ஒருமுறை சொல்லிக் காட்டிவிட்டு, மூலச் சுவடியை அவரிடமே ஒப்படைத்தார் நஞ்சீயர். தம் ஊரில் தனித்திருந்து எழுதி வரலாம் என்று வரதராசர் புறப்பட்டார். காவிரியைக் கடக்கையில் ஓரிடத்தில் நீந்த வேண்டியதாயிற்று. சுவடியைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்தினார். அலை ஒன்று மோதிற்று. சுவடி ஆற்றோடு போயிற்று.

வரதராசர் கலங்கினாலும் ஊர் சென்று வெற்றோலைகளை எடுத்து வைத்துக்கொண்டு, தாம் கேட்ட உரையை நினைவிலிருந்தே எழுதி முடித்தார். தமிழில் வல்லவர் ஆதலால் ஆங்காங்கே தமக்குத் தோன்றிய நயங்களையும் சேர்த்தார். புதிய சுவடியைப் படித்துப் பார்த்த நஞ்சீயர், தாம் சொல்லாத சிறப்புக்கள் அதில் இருக்கக் கண்டு வியந்து காரணம் வினவினார். நடந்தது வெளிப்பட்டது. சினம் கொள்ளாமல் அவரைத் தழுவிப் பாராட்டினார். அன்று முதல் அவருக்கு நம்பிள்ளை என்னும் பெயர் வழங்கலாயிற்று என்பர்.

பக்தி நோக்கில் இவ்வரலாற்றைச் சொல்வோர் குருவின் பெருந்தன்மையையும் சீடரின் நினைவாற்றலையும் எடுத்துக்காட்டுவர். அது முறையே. ஆனால் பல ஆண்டுகள் கணிப்பொறி மாணவர்களோடு பழகியவனாகிய எனக்கு வேறொரு கேள்வி எழுகிறது. அந்த ஒன்பதினாயிரப்படியில் நஞ்சீயர் வாக்கு எது, நம்பிள்ளை சேர்த்தது எது? இன்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. நூல் மீண்டது, அது எவ்வாறு மாறிற்று என்னும் செய்தி மீளவில்லை. ஆற்றில் போனது ஒரு சுவடி மட்டுமன்று. இரண்டு சுவடிகளையும் அருகருகே வைத்து ஒப்பிடும் வாய்ப்பும் அதனுடன் போயிற்று.

இந்த இரண்டாவது இழப்பைத் தடுப்பதற்காகவே கணிப்பொறி உலகில் 'பதிப்புக் கட்டுப்பாடு' என்னும் முறை தோன்றியது. நிரல் எழுதுவோர் ஒரு கோப்பைத் திருத்துந்தோறும் பழையதை அழித்துவிடுவதில்லை. எவர், எந்நாளில், எந்த வரியை, எக்காரணம் பற்றி மாற்றினார் என்ற குறிப்போடு ஒவ்வொரு நிலையையும் பதிவு செய்கின்றனர். அப்பதிவுக்கு 'காமிட்' என்று பெயர். காமிட்டுகள் அனைத்தும் சேர்ந்திருக்கும் இடம் களஞ்சியம். 1972-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்டு என்பவர் இத்தகைய கருவியொன்றை முதன்முதலில் அமைத்தார். இடையே பல கருவிகள் வந்து போயின. 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் நிரலைப் பேணுவதற்காக 'கிட்' என்னும் கருவியைச் செய்தார். இன்று திருச்சியிலுள்ள எந்தப் பொறியியற் கல்லூரி மாணவரைக் கேட்டாலும் கிட் என்றால் என்னவென்று சொல்லுவார். அதைக் காப்பது எப்படி என்று கேட்டால் மட்டும் சற்றுத் தயங்குவார். அத்தயக்கத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மாற்றங்களைப் பதிவு செய்வது ஒரு வேலை. அப்பதிவு அழியாமல் காப்பது மற்றொரு வேலை. கிட் முதலாவதைச் செய்கிறது. களஞ்சியம் இருக்கும் ஹார்ட் டிஸ்க் பழுதுபட்டால், நூறு பதிப்புக்களும் ஒரே நொடியில் போய்விடும். "நாங்கள் கிட்டில் போட்டுவிட்டோம், சார்" என்று சொல்லும் மாணவர்களை நான் மறித்து, "அந்தக் கிட் எங்கே இருக்கிறது?" என்று கேட்பதுண்டு. பெரும்பாலும் விடை, அதே மடிக்கணினியில் என்பதாகவே இருக்கும்.

திருவரங்கத்து ஆசிரியர்கள் இச்சிக்கலை நன்கறிந்திருந்தனர். அவர்கள் கையாண்ட முறைகளுள் சிலவற்றைப் பார்ப்போம். திருவாய்மொழியின் உரைகள் ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்று எண்ணால் பெயர் பெற்றிருக்கின்றன. படி என்பது ஒற்று நீக்கி 32 எழுத்துக்கள் கொண்ட ஓர் அளவு. நூலின் பெயரே அதன் நீளத்தைச் சொல்லிவிடுகிறது. படியெடுத்தவர் ஓர் ஏட்டைத் தவற விட்டாலோ, இடையில் சில ஏடுகள் உதிர்ந்து போனாலோ, எண்ணிப் பார்த்துக் கண்டுகொள்ளலாம். இது நுட்பமான சோதனை. ஆயினும் இதற்கு ஓர் எல்லை உண்டு. குறைந்தால் தெரியும், ஒரு சொல் இருந்த இடத்தில் அதே நீளமுள்ள வேறொரு சொல் புகுந்துவிட்டால் தெரியாது.

கிட் இவ்விடத்தில் ஒரு படி மேலே செல்கிறது. ஒவ்வொரு காமிட்டின் உள்ளடக்கத்தையும் கணிதமுறையில் பிழிந்து, 40 குறிகள் கொண்ட ஓர் அடையாளத்தை அது உண்டாக்குகிறது. இதை ஹாஷ் என்பர். ஒரு காற்புள்ளி மாறினாலும் அடையாளம் முற்றிலும் வேறாகிவிடும். அதுமட்டுமன்று, ஒவ்வொரு காமிட்டும் தனக்கு முன்னிருந்த காமிட்டின் அடையாளத்தையும் தன்னுள் கொண்டிருப்பதால், பழைய வரலாற்றில் எவரேனும் கை வைத்தால் அதற்குப் பின்வந்த அடையாளங்கள் அனைத்தும் பொருந்தாமல் போய்விடும். 2011-ஆம் ஆண்டில் லினக்ஸ் நிரலின் தலைமை நிலையமாகிய கெர்னல் டாட் ஆர்க் கணிப்பொறிகளுக்குள் அயலார் புகுந்துவிட்டது தெரிய வந்தது. அப்போது அப்பணியாளர்கள் நிரலைக் குறித்துப் பெரிதும் அஞ்சவில்லை. ஆயிரக்கணக்கானோர் கையில் முழு வரலாற்றுப் பிரதிகள் இருந்தன. எங்கேனும் ஒரு வரி மாற்றப்பட்டிருந்தால் அடையாளங்கள் காட்டிக் கொடுத்துவிடும் என்று அவர்கள் அறிந்திருந்தனர்.

பிரதி பலவாக இருப்பதன் அருமையை, இல்லாத இடத்தில்தான் உணரமுடிகிறது. நம்பிள்ளை திருவரங்கத்தில் நிகழ்த்திய திருவாய்மொழி விரிவுரைகளை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவுதோறும் எழுதி வைத்தார். அதுவே ஈடு என்று புகழ்பெற்ற முப்பத்தாறாயிரப்படி. அந்நூல் உடனே பரவவில்லை. ஓராசிரியரிடமிருந்து ஒரு மாணவருக்கு என்ற ஒற்றை வழியிலேயே பல தலைமுறை சென்றது என்றும், பதினைந்தாம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகள் திருவரங்கத்தில் ஓராண்டுக் காலம் அதனை விரித்துரைத்த பின்னரே எங்கும் பரவிற்று என்றும் மரபு கூறுகிறது. இடையில் அந்த ஒற்றைச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது. அக்காலமோ அமைதியான காலம் அன்று. 1311-இலும் 1323-இலும் தில்லிப் படைகள் திருவரங்கம் வரை வந்தன.

1323-இன் படையெடுப்பைப் பற்றிய ஒரு செய்தி நம் பொருளுக்கு நேரே தொடர்புடையது. ஸ்ரீபாஷ்யத்திற்கு சுருதப்பிரகாசிகை என்னும் விரிவுரை எழுதிய சுதர்சன சூரி அப்போது முதுமையில் இருந்தார். படை நெருங்கியபோது தம் சுவடியையும் தம் இரு மைந்தரையும் வேதாந்த தேசிகரிடம் ஒப்படைத்தார் என்றும், தேசிகர் பிணக்குவியலுக்கிடையே மறைந்திருந்து தப்பி, அவற்றைக் கன்னட நாட்டுக்குக் கொண்டு சென்று காத்தார் என்றும் குருபரம்பரை வரலாறுகள் பகர்கின்றன. ஊரிலேயே எவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தாலும் அச்சுவடி தப்பியிராது. போசளர் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கோவிலினுள் சரஸ்வதி பண்டாரம் என்னும் சுவடி நிலையம் அமைக்கப்பட்டதைக் குறிக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கோவிலுக்கே ஆபத்து வரும் நாளில் கோவிலுக்குள் இருக்கும் பண்டாரம் என்ன செய்யும்?

இனி இக்காலத்துப் பண்டாரத்துக்கு வருவோம். கல்லூரி ஆய்வகங்களிலும் சிறு அலுவலகங்களிலும் 'நாஸ்' என்று ஒரு பெட்டி வைத்திருப்பதைக் காணலாம். வலையமைப்புச் சேமிப்பகம் என்று இதைத் தமிழில் சொல்லலாம். உள்ளே இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்குகள் இருக்கும். அவற்றை ஆள்வதற்கென ஒரு சிறு கணிப்பொறியும் அதற்குள்ளேயே இருக்கும். ஆய்வகத்திலுள்ள எல்லாக் கணிப்பொறிகளும் கம்பி வழியாக அதைத் தம்முடைய டிஸ்க் போலவே பயன்படுத்தலாம். இரண்டு டிஸ்குகளிலும் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் எழுதும் ஏற்பாட்டுக்கு 'ரெய்டு' என்று பெயர். வருமான வரித்துறையார் நடத்தும் ரெய்டு அன்று இது, நன்மை செய்வது. ஒரு டிஸ்க் பழுதானால் மற்றதைக் கொண்டு வேலை தடையின்றி நடக்கும்.

ஆனால் ரெய்டைக் காப்புப் பிரதி என்று எண்ணுவது பெரும்பிழை. நானறிந்த ஒரு கல்லூரியில் இது நடந்தது, பெயர் வேண்டாம். இறுதியாண்டு மாணவர் நால்வர் ஆறு மாதம் உழைத்துக் காவிரி நீர்மட்ட அளவுகளைப் படிக்கும் ஒரு நிரலை எழுதி வந்தனர். களஞ்சியத்தை நாஸ் பெட்டியின் பொதுக் கோப்புறையில் வைத்து, நால்வரும் நேரடியாக அதையே திறந்து வேலை செய்தனர். பெட்டியில் இடம் போதவில்லை என்று ஒருநாள் மாலை யாரோ ஒருவர் பழைய கோப்புறைகளை அழித்தார். அழித்தவற்றுள் இதுவும் ஒன்று. முதல் டிஸ்கில் அழிந்த அதே கணத்தில் இரண்டாம் டிஸ்கிலும் அழிந்தது. இயந்திரம் தன் கடமையைப் பிசகின்றிச் செய்தது! தேர்வுக்கு மூன்று வாரமே இருந்தது. நால்வரில் இருவர் வளாக நேர்காணலில் வேலை பெற்றிருந்தனர். இந்தத் தாளில் தேறாவிட்டால் அதுவும் போய்விடும். அவ்வறையில் நிலவிய அமைதியை நான் இன்றும் மறக்கவில்லை.

அவர்களைக் காப்பாற்றியது அந்த ஒரு மாணவியின் வழக்கம். அவள் வீடு லால்குடி. ரெயிலிலும் வீட்டிலும் வேலை செய்வதற்காகக் களஞ்சியத்தை முழுவதும் தன் மடிக்கணினியில் குளோன் செய்து வைத்துக்கொள்வாள். அன்று அவள் ஊரில் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, "முந்தாநாள் வரைக்கும் எல்லாம் என்கிட்ட இருக்கு, சார்" என்றாள். இரண்டு நாள் வேலை மட்டும் போயிற்று. அத்துடன், களஞ்சியத்தில் சேர்க்காமல் கோப்புறையில் தனியே வைத்திருந்த அளவுக் கோப்புக்களும் முக்கொம்பில் எடுத்த படங்களும் போயின. அவற்றை மீண்டும் திரட்டப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பெட்டியில் 'ஸ்னாப்ஷாட்' என்னும் வசதி இருந்தது. மணிக்கொருமுறை கோப்புறையின் நிலையை அப்படியே நிறுத்தி வைத்து, பின்னர் அழிந்தாலும் மீட்டுத் தரக்கூடியது. விலை கொடுத்து வாங்கிய பெட்டியில் அதை எவரும் இயக்கி வைக்கவில்லை.

பெருநிறுவனங்களுக்கும் இவ்வாறு நேர்ந்ததுண்டு. 2013-ஆம் ஆண்டு மார்ச்சு 22-ஆம் நாள் கே.டி.இ. என்னும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தலைமைக் கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்கியபோது, அதன் கோப்பு அமைப்பு சிதைந்திருந்தது. 1500-க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் அதில் இருந்தன. உலகின் பல இடங்களில் அவற்றுக்கு 'மிரர்' எனப்படும் நிழற்பிரதிகள் இருந்தன. ஆதலால் கவலையில்லை என்றே எண்ணியிருந்தனர். நடந்தது வேறு. களஞ்சியங்களின் பட்டியல் கோப்பும் சிதைந்துவிட்டிருந்தது. அதைப் படித்த மிரர்கள், 'தலைமையிடத்தில் இவை நீக்கப்பட்டுவிட்டன போலும்' என்று கருதித் தம்மிடமிருந்தவற்றையும் நீக்கின. தற்செயலாகத் தப்பிய ஒரே ஒரு கணிப்பொறியிலிருந்து அனைத்தையும் மீட்டனர். நிழல் உருவத்தோடு சேர்ந்தே மறையும் என்பதை எவரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது இன்னும் பாடமானது. களைத்துப் போயிருந்த பொறியாளர் ஒருவர், தவறான கணிப்பொறியில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். காப்பு முறைகள் பல இருந்தன. நாள்தோறும் நடக்க வேண்டிய நகலெடுப்பு, கருவியின் பதிப்பு பொருந்தாமையால் நெடுநாளாகவே நடக்கவில்லை. நடக்கவில்லை என்று அறிவிக்கும் மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. வேறொரு வசதியை அந்தக் கணிப்பொறிகளுக்கு இயக்கவேயில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரியத்துக்காக எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட் ஒன்றே கைகொடுத்தது. களஞ்சியங்கள் அழியவில்லை, ஆனால் பயனாளர் கணக்குகள், கருத்துரைகள், பிழைக் குறிப்புகள் முதலியவற்றில் ஆறு மணி நேரத்துக்குரியவை மறைந்தன. நிரலைச் சுற்றி நடக்கும் பேச்சு கிட்டுக்குள் இருப்பதில்லை என்பதை இதனால் அறியலாம். அந்நிறுவனம் இவையனைத்தையும் மறைக்காமல் உலகறிய எழுதி வெளியிட்டது. இது போற்றத்தக்கது.

இப்போது ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். நாஸ் பெட்டியில் களஞ்சியத்தை வைப்பது தவறன்று. வைக்கும் முறையில்தான் தவறு நேர்கிறது. கிட் தன் வரலாற்றை ஆயிரக்கணக்கான சிறு சிறு கோப்புக்களாக எழுதுகிறது. மடிக்கணினியின் டிஸ்கில் இது விரைவாக நடக்கும். வலையமைப்பில் ஒவ்வொரு சிறு கோப்புக்கும் கம்பி வழியே கேள்வி போய் விடை வரவேண்டும். வேலை ஆமை நடையாகிவிடும். இதைவிடப் பெரிய சிக்கல் பூட்டு. இருவர் ஒரே சமயத்தில் எழுதாதிருக்கக் கிட் ஒரு பூட்டுக் கோப்பை உண்டாக்குகிறது. சில வலையமைப்புக் கோப்பு முறைகளில் அப்பூட்டை மற்றவர் கணிப்பொறி உடனே காண்பதில்லை. கிட்டுக்கு முந்திய சப்வெர்ஷன் என்னும் கருவியிலும் இதே தொல்லை இருந்தது. பெர்க்லி டிபி என்னும் அதன் பழைய சேமிப்பு முறையைப் பொதுக் கோப்புறையில் வைக்கலாகாது என்று அதன் கையேடே எச்சரித்தது.

முறையானது இது. ஒவ்வொருவரும் தத்தம் கணிப்பொறியில் ஒரு குளோன் வைத்துக்கொண்டு அங்கேயே வேலை செய்ய வேண்டும். நாஸ் பெட்டியில் இருப்பது எவரும் நேரே திறந்து திருத்தாத 'வெற்றுக் களஞ்சியமாக' இருக்க வேண்டும். அதனுடன் பேசுவது எஸ்எஸ்எச் போன்ற வாயில் வழியாகவே நடக்கட்டும். வாயிலில் இருப்பவன் ஒருவனே உள்ளே எழுதுவான். கோவிற் பண்டாரத்தில் ஏட்டை எவரும் தாமே இழுத்தெடுப்பதில்லை. பண்டாரியிடம் கேட்டே பெறவேண்டும். அவ்வாறே இதுவும்.

காப்புப் பிரதி எடுப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. களஞ்சியத்தில் இருவகைப் பொருள்கள் உள்ளன. ஒன்று சரக்கு, மற்றொன்று எந்தக் கிளை எந்தச் சரக்கில் முடிகிறது என்று காட்டும் சிறு குறிப்பு. சாதாரணக் கோப்புப் போல நகலெடுக்கும்போது, பத்து மணிக்குச் சரக்கு நகலாகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மணி மூன்று நிமிடத்துக்கு ஒருவர் புதிய காமிட்டை அனுப்புகிறார். பத்து மணி ஐந்து நிமிடத்துக்குக் குறிப்பு நகலாகிறது. அந்நகலில் குறிப்பு காட்டும் சரக்கு இராது. பொருளடக்கத்தில் பத்தாம் இயல் உண்டு. புத்தகத்தில் ஒன்பதுதான் இருக்கும். நகல் எடுத்த அன்று இது தெரியாது. மீட்க வேண்டிய அன்றுதான் தெரியும். ஆதலின் கிட் தரும் 'மிரர் குளோன்', 'பண்டில்' என்னும் வழிகளாலோ, சப்வெர்ஷனாயின் 'ஹாட்காப்பி' என்பதாலோ, ஒரே கணத்தில் முழுப்பெட்டியையும் நிறுத்திப் பிடிக்கும் ஸ்னாப்ஷாட்டாலோ எடுக்க வேண்டும். எடுத்தபின் 'எஃப்எஸ்சிகே' என்னும் சோதனையை நகலின் மீது நடத்தி, ஒவ்வொரு பொருளின் அடையாளமும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட வேண்டும். மேகக் கோப்புறை என்று சிலர் வைத்திருக்கும் தானியங்கிப் பகிர்வில் உயிருள்ள களஞ்சியத்தைப் போட்டு வைப்பதும் இதே காரணத்தால் ஆபத்து.

எத்தனை பிரதி வேண்டும்? பீட்டர் கிராக் என்னும் புகைப்படக்காரர், 2005-இல் வெளிவந்த தம் நூலில் மூன்று - இரண்டு - ஒன்று என்று ஒரு கணக்குச் சொன்னார். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்புப் பொருள்கள், ஒன்றேனும் வேற்றிடம். கணிப்பொறி அறிஞர் பலர் பின்னர் அதையே பின்பற்றினர். நம்மூர் நிலையில் 'வேற்றிடம்' என்பதைச் சற்று ஆராய வேண்டும். திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. மேலச் சித்திரை வீதியில் ஒரு பிரதியும் அம்மா மண்டபம் சாலையில் ஒரு பிரதியும் வைத்திருப்பவருக்கு இரண்டு பிரதிகள் இருப்பதாக நான் கருதமாட்டேன். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில், 1928-இல் கட்டிய கொள்ளிடப் பழைய பாலத்தின் தூண்கள் சாய்ந்ததைப் பலரும் நேரில் கண்டோம். 2005 நவம்பரில் நகரத்தின் பல பகுதிகளிலேயே நீர் புகுந்தது. ஒரே ஆறு தொடக்கூடிய இரண்டிடங்கள் ஓரிடமே ஆகும். கோயம்புத்தூரிலோ மதுரையிலோ உள்ள ஒரு நண்பரின் வீட்டில் சிறு பெட்டி இருந்தால் நன்று. கிட்ஹப் போன்ற வெளிநாட்டு நிலையத்தையும் மூன்றாம் இடமாகக் கொள்ளலாம். ஆனால் அதையே ஒரே இடமாகக் கொள்ளலாகாது. 2019 ஜூலையில் அமெரிக்கச் சட்டம் காரணமாக ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களிலிருந்தோர் தம் தனிக் களஞ்சியங்களைத் திறக்க முடியாமல் திகைத்தனர்.

வேற்றிடப் பெட்டியைப் பற்றி இன்னொரு குறிப்பு. ஆய்வகத்திலிருந்து அதற்கு நகலைத் தள்ளுவதைவிட, அது தானே வந்து இழுத்துக்கொள்வது நல்லது. ஆய்வகக் கணிப்பொறிக்குத் தொலைவிலுள்ள பிரதியை அழிக்கும் உரிமையே இராது. கோப்புக்களைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்கள் மலிந்த இந்நாளில் இது மிகத் தேவை.

பழைய பிரதிகளை எப்போது நீக்கலாம் என்பதும் சிந்திக்கத்தக்கது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று சிதைந்த ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது. புதிய ஓலையில் படியெடுத்த பின்பு, பயனற்றுப்போன பழைய ஓலையை மரியாதையோடு நீரில் விடுவதே அதன் முதல் வடிவம் என்பர். காலப்போக்கில் படியெடுப்பது நின்றது. ஆற்றில் விடுவது மட்டும் நிற்கவில்லை. உ. வே. சாமிநாதையர் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த நாளில், ஏடுகள் ஆற்றோடு போன செய்தியையே பலவிடங்களில் கேட்க நேர்ந்தது. முப்பது நாளைக்கு மேற்பட்ட நகல்களை நீக்கு என்று பெட்டிக்கு ஆணையிட்டுவிட்டு, புதிய நகல்கள் சரியாக எழுதப்படுகின்றனவா என்று பாராதிருப்பவர் செய்வதும் இதுவே.

கரையானும் காத்திருக்கிறது. நாலாயிரம் முழுமைக்கும் உரை எழுதிய பெரியவாச்சான் பிள்ளையின் பெரியாழ்வார் திருமொழி உரையில் ஏறத்தாழ நானூறு பாசுரங்களுக்குரிய பகுதி செல்லரித்துப் போயிற்று. மணவாள மாமுனிகள் அப்பகுதிக்குத் தாமே உரை வகுத்து, பழைய உரை எஞ்சியிருந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார். எங்கே முதல்வர் வாக்கு, எங்கே தம் வாக்கு என்ற எல்லை இன்றும் தெளிவாக இருக்கிறது. நஞ்சீயர் சுவடிக்கு வாய்க்காத பேறு இது. கோயிலொழுகு என்னும் திருவரங்க வரலாற்று நூலோ பல தலைமுறையினர் சேர்த்துச் சேர்த்து வளர்ந்தது. யார் எப்போது எதைச் சேர்த்தார் என்ற குறிப்பு இல்லை. 1961-இல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஹரி ராவ் முதலிய ஆய்வாளர்கள், கோவிற் சுவர்களிலுள்ள அறுநூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுக்களோடு ஒப்பிட்டே செய்திகளைச் சலித்தெடுக்க வேண்டியிருந்தது. கல்வெட்டில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் கொடுத்தவன் பெயரும் இருக்கும். நல்ல காமிட் குறிப்புக்கு அதனினும் சிறந்த முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. 'சில மாற்றங்கள்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் மாணவர்கள் ஒருமுறை திருச்சுற்றுச் சுவர்களைப் பார்த்து வரலாம்.

மின்னணுப் பொருள்கள் ஓலையைவிட அற்பாயுள் உடையவை என்பதை உணர்ந்தே, கிட்ஹப் நிறுவனம் 2020 பிப்ரவரி 2-ஆம் நாளன்று இருந்த பொதுக் களஞ்சியங்களை 186 படச்சுருள்களில் ஒளிப்படமாகப் பதித்து, வட துருவத்தை அடுத்த ஸ்வால்பார்டு தீவின் பழைய சுரங்கமொன்றில் அவ்வாண்டு ஜூலையில் வைத்தது. அளவு 21 டெராபைட். ஒளியும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருந்தால் படிக்கலாமாம். சுற்றி வந்து ஏட்டுச் சுவடியிடமே சேர்ந்துவிட்டோம் போலும்!

மேற்சொன்ன கல்லூரியில் பின்னர் ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. மாதத்துக்கொருமுறை, ஒன்றுமில்லாத ஒரு கணிப்பொறியை எடுத்து, ஆய்வக நாஸ் பெட்டியின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, வெளியூர்ப் பிரதியிலிருந்து மட்டுமே களஞ்சியத்தை மீட்டு நிரலை இயக்கிக் காட்ட வேண்டும். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று ஒரு நோட்டில் எழுதுவர். முதல் மாதம் நான்கு மணி நேரம் ஆயிற்று. களஞ்சியம் வந்து சேர அரை மணி போதுமாயிருந்தது. பெரிய கோப்புக்கள் சாதாரண மிரர் குளோனில் சேர்வதில்லை, அவற்றைத் தனியே கொணர வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு மணி போயிற்று. எஞ்சிய நேரமெல்லாம் வெளியூர்ப் பிரதியைத் திறக்கும் கடவுச்சொல்லைத் தேடுவதில் கழிந்தது. மாணவர்கள் அதை ஒரு கோப்பில் எழுதி, கம்பி பிடுங்கப்பட்ட அதே நாஸ் பெட்டிக்குள் வைத்திருந்தனர். இப்போது அது ஒரு தாளில் எழுதப்பட்டு, உறையிலிட்டு ஒட்டி, துறைத் தலைவர் அறையிலுள்ள இரும்பு அலமாரியில் இருக்கிறது. மற்றொரு தாள் லால்குடியில் இருக்கிறது.